நான் மொழிபெயர்த்த ஏழு கொப்பிகள்

புதன்கிழமை மத்தியானங்களில் எங்கள் பல்கலைக்கழகப் பொறியியல் துறையில் அறிவுப் பகிர்வு நடக்கும். நான்காம் மாடியில், ஜன்னல் திறக்க முடியாத ஓர் அறை. முக்கோணமாக வெட்டிய சாண்ட்விச்களைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். யாராவது ஒருவர் இருபது நிமிடம் பேசுவார். மாணவர்களைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி, ஒரு ஸ்லைடில் எத்தனை வரி இருக்கலாம், இந்த மாதிரி. முடிந்ததும் கைதட்டுவோம். பிறகு அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம்.

நான் போன ஆறு வருடத்தில் அந்த அறையில் ஒருவர் இன்னொருவருக்கு உண்மையாகத் தேவைப்பட்ட எதையும் சொல்லிக் கேட்டதில்லை. எந்த நிறுவனத்தில் யாரிடம் பேசினால் மாணவர்களுக்குப் பயிற்சி இடம் கிடைக்கும் என்று தெரிந்தவர் அதைச் சொல்ல மாட்டார். ஆய்வு விண்ணப்பத்தை எந்தத் தொனியில் எழுதினால் தெரிவுக்குழு அசையும் என்று தெரிந்தவரும் சொல்ல மாட்டார். நானும் அப்படித்தான். முதலாம் வருடக் கணிதத்துக்கு நான் சேர்த்து வைத்திருந்த நல்ல கேள்விகள் முழுவதும் என் சொந்த மடிக்கணினியில்தான் இருந்தன. உயர்தரம் படித்த காலத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவளுக்கு டியூட்டரி நோட்ஸைக் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதியவள் நான். அந்தப் பழக்கத்தோடு லண்டனுக்கு வந்து, இங்கேயும் அது செல்லுபடியாகும் என்று கண்டுகொண்டேன்.

யாருக்காவது ஏதாவது உண்மையிலேயே தெரியவேண்டி வந்தால், படியிறங்கி அடித்தளத்துக்குப் போவார்கள். அங்கே மண் ஆய்வுகூடம் இருந்தது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பதவி விரிவுரையாளர்தான். ஆனால் நாள் முழுவதும் சாம்பல் நிற மேலங்கியோடு நிற்பதால், புதிதாக வருகிறவர்கள் அவரை உதவியாளர் என்று நினைத்துப் பெட்டி தூக்கச் சொல்வார்கள். அவரும் தூக்குவார். இருபத்திரண்டு வருடம் அந்த அடித்தளத்தில் இருந்தார்.

அவருடைய மேசையில் ஒரு பிளாஸ்கும் நாலைந்து கோப்பைகளும் எப்போதும் இருக்கும். அளவீடு நிலைகொள்ளாத பேராசிரியரும், மூன்றாம் வருடத்தில் தரவு பிழைத்துப்போய் அழுதுகொண்டு வரும் ஆய்வு மாணவியும் அதே ஸ்டூலில் இருந்து அதே தேநீரைக் குடிப்பார்கள். அண்ணை எழுந்து போய் ஒரு குழாயைத் தொட்டுப் பார்ப்பார், இயந்திரத்தில் காதை வைத்துக் கேட்பார், எது பிழை என்று சொல்வார். யார் கேட்டாலும் சொல்வார். அப்படிச் சரிப்பட்டு வந்த தரவுகளை வைத்து மேலே எத்தனையோ பேர் கட்டுரை எழுதினார்கள். எங்கள் துறைத்தலைவரின் பெயர் பெற்ற ஆய்வும் அந்த ஸ்டூலில் இருந்து எழும்பியதுதான்.

அவர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவோமே, தடித்த மட்டை போட்ட சீ.ஆர் கொப்பி, அது. டூட்டிங்கில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கைக் கடையில் வாங்குவார். ஏழு கொப்பிகள். மேசைக்கு மேலே சுவரில் பொருத்திய திறந்த தட்டில் கிடக்கும். முழுவதும் தமிழில்.

துறையில் இரண்டு பேர் என்னைவிட முன்னமே அந்தக் கொப்பிகளைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணை எடுத்துக் கொடுத்தாராம். திறந்து பார்த்துவிட்டு, மூடித் திருப்பித் தந்தார்களாம். இதை அவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

ஏன் தமிழில் எழுதினீர்கள் என்று நான் கேட்டேன்.

"நான் யோசிக்கிறது தமிழிலை, தங்கச்சி. கையும் தமிழிலை ஓடினாத்தான் பம்ப் நிக்கமுன்னம் எழுதி முடிக்கலாம்" என்றார். "ஒளிக்கிறதெண்டா பூட்டியல்லோ வைச்சிருப்பன்."

என்னுடைய நிலைமையையும் சொல்லவேண்டும். ஆறு வருடமாக எனக்கு ஒரு வருட ஒப்பந்தம். ஒவ்வொரு ஜூலையிலும் புதுப்பிப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஜூன் வந்தால் வேறு வேலை விளம்பரங்களைத் தேடத் தொடங்குவேன். ஹரோவில் வீடு, கணவருக்கு வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட், மகளுக்கு ஏ லெவல். அவள் என் ஒரே பிள்ளை. பிறந்த நாளிலிருந்து அவளைப் பற்றிப் பயப்படாமல் நான் ஒரு நாள் கழித்ததில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவளைப் பத்து வயதில் மறித்து, நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் எடுக்கவேண்டும் என்று கணித டியூஷனுக்கு விட்டதும் அந்தப் பயத்தால்தான். இடம் கிடைத்தது. தமிழ் அத்தோடு நின்றது. பேசினால் விளங்கும், கொஞ்சம் பேசுவாள், வாசிக்க வராது.

ஒரு செப்டெம்பரில் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், சைக்கிள் தலைக்கவசத்தை மேசையில் வைத்துக்கொண்டு பேசுவார். ஒரு முழு ஆய்வுகூடம் ஒரே ஆளில் தங்கியிருப்பது ஆபத்து என்றார். அவர் நாளைக்கு பஸ்ஸில் அடிபட்டால் என்ன செய்வோம் என்று கேட்டார். இந்த நாட்டில் இது ஒரு பேச்சு. ஆளை முதலில் பஸ்ஸில் அடிபட வைத்துவிட்டுத்தான் திட்டத்தைத் தொடங்குவார்கள். அண்ணையின் கொப்பிகளில் உள்ளதை ஆங்கிலத்தில் ஓர் ஆவணமாக்கி எல்லோருக்கும் பொதுவான கோப்பில் போடவேண்டும். இந்தக் கட்டடத்தில் அதைச் செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். பிறகு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, அடுத்த வருடம் ஒரு நிரந்தரப் பதவி வரும், அறிவுப் பகிர்வில் தலைமை ஏற்றவர்களை அதற்கு விசேடமாகக் கவனிப்போம் என்றார்.

அடுத்த நாளே நான் படியிறங்கினேன். அண்ணை தேநீர் ஊற்றித் தந்தார். நான் தமிழில் கேட்டேன். அதே விஷயத்தைத் துறைத்தலைவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அவர் யோசித்திருப்பார். தமிழில் ஒரு தங்கச்சி வந்து கேட்டால் யாழ்ப்பாணத்து மனிதர் என்ன யோசிப்பார்? இது எனக்குத் தெரிந்திருந்தது. துறைத்தலைவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எல்லாத்தையும் எழுதி எடுத்தாப்பிறகு என்னை என்ன செய்யப் போகினம்?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். "உங்களை ஆர் அண்ணை என்ன செய்யிறது? தை மாசத்திலை ஒருக்காலும் லீவு எடுக்கேலாது எண்டு அழுதியள். இனி எடுக்கலாமே" என்றேன்.

தை மாதத்தில்தான் இரண்டாம் வருடத்துக்கு ஆய்வுகூட வகுப்புகள் உச்சத்தில் இருக்கும். அவருடைய மனைவிக்குத் தைப்பொங்கலுக்கு ஊரில் நிற்கவேண்டும் என்று வெகுகால ஆசை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட முடியவில்லை.

"அப்ப அடுத்த பொங்கல் ஊரிலைதான் எண்டு மனிசிக்குச் சொல்லிவிடுறன்" என்று சொல்லிக்கொண்டே முதலாவது கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்த நாலு மாதம் போல நான் வேலையில் சந்தோஷமாக இருந்ததேயில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அடித்தளத்தில் இருந்து வாசிப்பேன், விளங்காத இடத்தில் அவர் இயந்திரத்திலேயே செய்து காட்டுவார். களிமண் உருளை ஒன்றை மெல்லிய இறப்பர் உறைக்குள் போட்டு, தண்ணீர் நிரம்பிய கூட்டுக்குள் நிறுத்தி, அமுக்கம் கொடுத்து, எந்தச் சுமையில் உடைகிறது என்று பார்ப்பதுதான் அங்கே முக்கியமான சோதனை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். அண்ணையின் கையெழுத்தில் ஒன்றரைக் கொப்பி. நாங்கள் இருவரும் ஊரில் விஞ்ஞானத்தைத் தமிழில் படித்தவர்கள், உராய்வு, நுண்துளை நீரமுக்கம் என்று பேசிக்கொள்வோம். மேலே யாருக்கும் கேட்காத பேச்சு.

கொப்பியில் அவர் எழுதியிருந்தது இப்படி இருக்கும்: வால்வைத் திறக்கமுன் பத்து வரை எண்ணு, ஒன்பதிலை திறந்த நான் அழுதனான். மூண்டாம் பம்ப் கத்தினாப் பயப்பிடாதை, கத்தாட்டித்தான் பயம்.

ஓரங்களில் சின்ன எழுத்தில் வேறு குறிப்புகள் இருந்தன. ஒன்று எனக்கு மனப்பாடம். "நோன்பு மாசம். நோன்பு பிடிக்கிற பிள்ளையளைப் பின்னேரப் பிரிவிலை போடாதை. களிமண் குழைக்கிறது பாரமான வேலை. காலமைக்கு மாத்து. கேட்டா இயந்திரம் பழுது எண்டு சொல்லு, பிள்ளையளுக்குச் சங்கடம்." இன்னொன்று: "ஒக்டோபர். ஹீட்டிங் போட்டிட்டாங்கள். தண்ணித் தொட்டியை மற்றச் சுவருக்கு மாத்து."

எனக்குத் தந்திருந்த படிவத்தில் மூன்று நிரல்கள். செயல், ஆபத்து, பொறுப்பு. ஓரக்குறிப்புகள் ஒன்றிலும் பொருந்தவில்லை. பிள்ளைகளின் சங்கடம் எந்த நிரல்? முதலில் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஜனவரி முடிவில் ஆவணத்தைக் கொடுக்கவேண்டி வந்தபோது, பட்டியலைப் பிறகு சேர்க்கலாம் என்று விட்டேன். பிறகு சேர்க்கவில்லை. முதல் தவறு அது. சின்னத் தவறு.

பெரிய தவறு, ஆவணத்துக்கு முன்னால் வைத்த ஒரு பக்க அறிக்கை. அது நிரந்தரப் பதவிக் குழுவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். என் வேலை பெரிதாகத் தெரியவேண்டும் என்று இரண்டு நாள் இருந்து எழுதினேன். கடைசி வரி இது: "ஆய்வுகூட அறிவு முழுமையாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளது, ஒரு தனிநபரில் தங்கியிருக்கும் நிலை முற்றாக நீங்கியது." எழுதிவிட்டு நானே ஒரு தடவை வாசித்துத் திருப்திப்பட்டேன்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை நான் அந்த நான்காம் மாடி அறையில் பேசினேன். அண்ணை முதல் தடவையாக அங்கே வந்தார். மேலங்கி இல்லை, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். டூட்டிங்கிலிருந்து இரண்டு பெட்டி ரோல்ஸ் கொண்டு வந்திருந்தார், மரக்கறி ஒன்று, மட்டன் ஒன்று. சாண்ட்விச்சை யாரும் தொடவில்லை. நான் பேசி முடித்தபோது பலமாகக் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். போகும்போது துறைத்தலைவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களுடைய தாராள மனசுக்கு நன்றி என்றார்.

மார்ச்சில் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. வழக்கம்போல ஒரு வருடம் பரீட்சார்த்த காலம், அதற்குள் வேலை திருப்தி இல்லையென்றால் உறுதிப்படுத்த மாட்டார்கள். அன்றைக்கு மகளைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஜூன் மாதத்துக்கு இனிப் பயமில்லை என்று அவளுக்குச் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில், காலையில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. துறையை மறுசீரமைக்கப் போகிறார்கள். இணைப்பில் நீண்ட ஓர் அறிக்கை. நீக்கக்கூடிய பதவிகள் என்று மூன்று. மூன்றாவது, மண் ஆய்வுகூட விரிவுரையாளர். ஏன் என்ற காரணம் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. ஆய்வுகூட அறிவு முழுமையாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளது, ஒரு தனிநபரில் தங்கியிருக்கும் நிலை முற்றாக நீங்கியது. காற்புள்ளிகூட மாறவில்லை. அடிக்குறிப்பில் என் பெயர் இருந்தது.

இறங்கவேண்டிய நிலையத்தில் நான் இறங்கவில்லை.

துறைத்தலைவரிடம் போனேன். அவர் கவலையான முகத்தோடு, உங்களுடைய வேலை இல்லாவிட்டால் இதைப் பொறுப்போடு செய்திருக்க முடியாது என்றார். அது பாராட்டு. நான் அந்த இடத்தில் என்ன கேட்டேன் என்பதை யாருக்கும் இதுவரை சொன்னதில்லை. அண்ணையை வைத்திருங்கள் என்று கேட்கவில்லை. அடிக்குறிப்பிலிருந்து என் பெயரை எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுத்தார்கள்.

ஒரு வாரம் நான் அடித்தளத்துக்குப் போகவில்லை. எட்டாம் நாள் அண்ணைதான் மேலே ஏறி வந்தார். என் அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. இருக்கவில்லை, கதவடியில் நின்றே பேசினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவரோடு ஒரு கூட்டம் வைக்கப் போகிறார்களாம். மேன்முறையீடு மாதிரி. சாட்சிக்கு ஓர் ஆளைக் கூட்டி வரலாமாம்.

"நீர் வாரும், தங்கச்சி. ஏழு கொப்பியும் வாசிச்ச ஆள் இந்த உலகத்திலை நீர் ஒராள்தான். அதிலை உள்ளதெல்லாம் உந்த ஆவணத்திலை இல்லை எண்டு சொல்லும். பொய் சொல்லச் சொல்லேல்லை. உள்ளதைச் சொல்லும், காணும்."

ஓம் என்றேன்.

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு உடனே விளங்கியது. ஆவணம் முழுமையில்லை என்று நான் சொன்னால், முழுமையானது என்று நான் கையெழுத்து வைத்தது பொய்யாகிவிடும். பரீட்சார்த்த காலத்தில் இருப்பவள், பதவி எடுத்துத் தந்த வேலையையே குறை வேலை என்று எழுத்தில் பதியப்படும்படி சொல்லவேண்டும். அண்ணையின் வேலை ஒரு பக்கம், என்னுடையது மறுபக்கம்.

கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் மகள் குசினி மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. நான் கோப்பையைக் கழுவிய கையோடு மறுபடியும் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன், பெயரை எடுக்கச் சொன்ன கதையை விட்டுவிட்டு. அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அங்கிள் சொல்லுறது ட்ரூவா, இல்லையா?"

உண்மைதான் என்றேன்.

"தென்? வாட்ஸ் த ப்ராப்ளம்?"

உனக்கு விளங்காது, படி என்றேன். அவள் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்னை எடைபோட்ட பார்வை இல்லை அது. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பின பார்வை.

கூட்டம் காலை பத்து மணிக்கு. நீண்ட மேசை. துறைத்தலைவர், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண், குறிப்பெடுக்க ஒருவர். இந்தப் பக்கம் அண்ணையும் நானும். அண்ணை ஏழு கொப்பிகளையும் கடைப் பை ஒன்றில் போட்டுக் கொண்டு வந்து மேசையில் அடுக்கி வைத்தார். அந்தப் பெண் மேலே இருந்ததைத் திறந்து பார்த்துவிட்டு, மிகவும் அழகான எழுத்து என்று சொல்லி மூடினாள். அண்ணை தன் பங்குக்கு நிதானமாகப் பேசினார். ஆய்வுகூடத்தில் எழுதி முடிக்க முடியாதவை இருக்கின்றன என்றார். எழுதியவற்றிலும் எல்லாம் அங்கே போகவில்லை, என் சக ஊழியர் சொல்வார் என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் இந்த ஆய்வுகூடத்தை நடத்த முடியுமா என்று கேட்டாள்.

ஓரக்குறிப்புகள் எல்லாம் எனக்கு நினைவில் இருந்தன. நோன்புப் பிள்ளைகள், தண்ணீர்த் தொட்டி, கத்தாத பம்ப். துறைத்தலைவர் என்னைப் பார்க்கவில்லை, தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பெடுப்பவரின் விரல்கள் விசைப்பலகையில் காத்திருந்தன.

"மோஸ்ட்லி" என்றேன்.

விசைப்பலகை ஒரு சொல்லுக்குச் சத்தம் போட்டு நின்றது. மேலும் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒழுங்கு மாறாமல், பையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே கேட்டாள். "சொன்னீங்களா?"

"ஓம்" என்றேன்.

அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஐ'ம் சோ ப்ரௌட் ஒஃப் யூ, அம்மா என்றாள். நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். பரீட்சை முடியட்டும், பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று அப்போது நினைத்தேன். பரீட்சை முடிந்தது. முடிவு வந்தது, நல்ல முடிவு. வேறு நகரத்தில் படிக்கப் போய்விட்டாள்.

அண்ணை ஜூலையில் போனார். பிரியாவிடையும் ஒரு புதன்கிழமைதான், அதே அறை, அதே தட்டு. அன்றைக்கு அவர் ரோல்ஸ் கொண்டு வரவில்லை. துறைத்தலைவர் பேசும்போது, இவருடைய அறிவு எங்களோடு இருக்கிறது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

செப்டெம்பரில் மண் ஆய்வுகூடத்தை எனக்கே தந்தார்கள். ஆவணத்தை எழுதியவருக்குத்தானே அதிகம் தெரியும் என்றார்கள். கணித வகுப்போடு இதுவும். நான் சாம்பல் நிற மேலங்கி ஒன்று வாங்கினேன். மேசையில் பிளாஸ்க் வைக்கவில்லை. யாரும் படியிறங்கி வரவில்லை. வந்தாலும் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஏதாவது பிழைத்தால் பொதுக் கோப்பைப் பாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்புகிறேன்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு சோதனைகளும் ஒன்றாகக் குழம்பின. குழாய்களில் குமிழி, அளவீடுகள் ஏறியும் இறங்கியும் ஆடின. முப்பது மாணவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவணத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். நான் எழுதியது, எனக்கே உதவவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அந்த ஸ்டூலில் இருந்துகொண்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன். ஜூலைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

எடுத்தார். நான் சுகம் விசாரிக்கத் தொடங்க, மறித்தார்.

"பிரச்சினையைச் சொல்லும்."

சொன்னேன். "ஏன், உம்மடை ஆவணத்திலை இல்லையோ? மோஸ்ட்லி இருக்குமே" என்றார்.

நான் ஸ்டூலிலிருந்து எழும்பி நின்றேன்.

"ஹீட்டிங் போட்டிட்டாங்களோ?"

"ஓம் அண்ணை. நேற்று."

"தொட்டிக்குப் பின்னாலை சுவருக்குள்ளை சூட்டுக் குழாய் போகுது. தண்ணி சூடேறினாக் காத்து விடும், குமிழி வரும். மற்றச் சுவருக்கு மாத்தும். மாத்திப்போட்டு ஒரு நாள் விடும். மூண்டாம் கொப்பியிலை எழுதியிருந்தனான், நீர் வாசிச்சனீர்."

வாசித்தேன்தான். அது எந்தப் பக்கம், எந்த ஓரம் என்றுகூடத் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. மனைவி இப்போது போக விருப்பமில்லை என்கிறாவாம். சனம் என்ன வேலை என்று கேட்கும், என்ன சொல்வது என்கிறாவாம். "வேறை ஒண்டுமில்லையே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நான் தொட்டியை மாற்றினேன். அடுத்த நாள் எல்லாம் சரியாக ஓடியது. பொதுக் கோப்பைத் திறந்து, இதை எங்கே சேர்ப்பது என்று பார்த்தேன். செயல், ஆபத்து, பொறுப்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன். அந்தச் சனிக்கிழமை டூட்டிங்குக்குப் போய் ஒரு சீ.ஆர் கொப்பி வாங்கினேன். அவருடைய தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். கொப்பியின் முதல் பக்கத்தில் தொட்டி விஷயத்தை எழுதினேன், தமிழில். இப்போது நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. நோன்பு மாதம் வந்தபோது பிள்ளைகளைக் காலைப் பிரிவுக்கு மாற்றிவிட்டு, இயந்திரம் பழுது என்று சொன்னேன். அதையும் எழுதினேன். அண்ணையின் கொப்பிகள் திறந்த தட்டில் கிடந்தன. என்னுடையது மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் கைப்பையில்.

பதவியை மார்ச்சில் உறுதிப்படுத்தினார்கள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். அவளுடைய கூட்டாளிகளுக்குச் சொல்லியிருக்கிறாளாம், என் அம்மா ஒரு அங்கிளுக்காகத் தன் வேலையையே பணயம் வைத்து உண்மை பேசினவ என்று. ஏதோ கட்டுரையில்கூட எழுதினாளாம். அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேலை அதிகம், பிறகு பார்க்கிறேன் என்றேன்.

இதை நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். என் தொழில் எழுத்து முழுவதும் ஆங்கிலம்தான், கையும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. தமிழில் எழுதினால் துறையில் யாருக்கும் வாசிக்க வராது. மகளுக்கும் வராது, அதற்கு வழி செய்தவள் நான். வாசிக்கக்கூடிய ஒருவர் டூட்டிங்கில் இருக்கிறார். அவருக்கு இதில் புதிதாகத் தெரியவருவது ஒன்றுதான்: அன்றைக்கு நான் அடிக்குறிப்பிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டது.